ஆறு மணித்தியால அறிவித்தல்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் எனக்கு ஒரு கடிதம் எழுதும் வேலை வந்துவிடும். வீரமுனையில் நாங்கள் நடத்தும் சிறு சங்கம் ஒன்றுக்குப் பல காலமாக நானே செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவது, சந்தாவுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது, செத்த வீட்டுக்குக் கதிரையும் பந்தல் தகரமும் அனுப்பிக் கணக்கு வைப்பது எல்லாம் என் பொறுப்பு. அவற்றில் எனக்குச் சலிப்பு இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை எழுதும் அந்தக் கடிதந்தான் கை கூசும் வேலை. 12 ஆம் திகதி மாலை கோயில் வீதியில் விளக்கேற்றி, உயிர் நீத்த எமது உறவுகளை நினைவுகூர்ந்து அமைதியாக ஊர்வலம் சென்று திரும்ப அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுதுவேன். கீழே 'இங்ஙனம், தங்கள் பணிவுள்ள' என்று ஒப்பமிடுவேன்.

இப்படிப் பல ஆண்டுகள் எழுதிய பின்னர், சட்டத்தரணி நண்பர் ஒருவரின் வீட்டில் பொலிஸ் கட்டளைச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் பிறந்து, இடையிடையே திருத்தம் பெற்று, இன்றும் உயிரோடு இருப்பது. அதன் 77 ஆம் பிரிவு ஊர்வலத்தைப் பற்றிப் பேசுகிறது. ஊர்வலம் போக நினைப்பவர், அது தொடங்குவதற்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னராவது, தொடங்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நம்மிடம் கேட்கப்படுவது. பொது ஒழுங்கைக் காக்க வேண்டும் என்று கருதினால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத தரத்திலுள்ள அதிகாரி ஒருவர் ஊர்வலத்தைத் தடுக்கலாம், நிபந்தனை விதிக்கலாம் என்றும் அங்கே இருக்கிறது. அது அவருடைய அதிகாரம். நம்முடைய கடமை அறிவிப்பது மட்டுமே.

அப்படியானால் இத்தனை ஆண்டும் நான் 'அனுமதி' என்று ஏன் எழுதினேன்? எனக்கு முன்னிருந்த செயலாளர் அப்படி எழுதினார். அவருக்கு முன்னிருந்தவரும் அப்படித்தான். அறிவித்தல் என்ற சொல் எந்த இடத்தில், யாருடைய கையால் அனுமதியாக மாறிற்று என்ற கேள்வி அன்று தொடக்கம் என்னை விடவில்லை. நேயர்களே, இந்த வாரம் அந்தச் சொல்லின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றி ஓரிரு வார்த்தை. காரைதீவுச் சந்தியில் கரையோர வீதியை விட்டு அம்பாறைப் பக்கம் திரும்பினால், வயல்களுக்கு நடுவே சம்மாந்துறை. அதனோடு ஒட்டியபடி வீரமுனை. ஒன்று முஸ்லிம்களின் பேரூர், மற்றது தமிழரின் சிற்றூர். சீர்பாததேவி வந்த கப்பல் இங்கே தரைதட்டியதாகவும், அந்தக் கப்பலில் இருந்த பிள்ளையாரே சிந்தாயாத்திரைப் பிள்ளையாராக எங்கள் கோயிலில் அமர்ந்ததாகவும் பரம்பரைக் கதை. கல்வெட்டு ஆராய்ச்சிக்காரர் அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த கதை அது. வயல் வேலையும் சந்தையும் வாடகை வண்டியும் இரண்டு ஊரையும் நாள்தோறும் ஒன்றாக்கும். ஊர்வலம் என்று வந்தால்தான் எந்த வீதியால், எத்தனை மணிக்கு, மேளம் உண்டா இல்லையா என்ற கேள்விகள் பிறக்கும்.

மேளம் என்றதும் நாம் கம்பளைக்குப் போக வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் ஊர்வலத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த வழக்குகளில் மிகப் பெரிய விளைவைத் தந்த வழக்கு அங்கே பிறந்தது. கம்பளையில் வல்லஹகொட தேவாலயப் பெரஹரா ஒரு பள்ளிவாசலைக் கடந்து செல்லும். பள்ளிவாசலுக்கு முன்னும் பின்னும் குறித்த தூரத்துக்கு மேளத்தை நிறுத்த வேண்டும் என்று 1912 இல் அதிகாரிகள் கட்டளையிட்டார்கள். பெரஹராக்காரர் மேளமில்லாப் பெரஹரா எதற்கு என்று கைவிட்டார்கள். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடர்ந்தார். 1815 ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை பௌத்த சமயத்தின் சடங்குகளைக் காப்பதாக வாக்களித்திருக்கிறது, அந்த வாக்கை ஒரு நகரத்து ஒழுங்குவிதி வெட்டலாமா என்பது அவர் தரப்பு. கண்டி மாவட்ட நீதிபதியாயிருந்த, வரலாற்றாசிரியருமான போல் ஈ. பீரிஸ் 1914 இல் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே மாதக் கடைசியில், வெசாக் இரவில், கண்டியில் ஒரு பள்ளிவாசல் முன்னால் கலவரம் வெடித்தது. சில நாட்களில் அது பல மாகாணங்களுக்குப் பரவி, முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் உடைந்தன, உயிர்களும் போயின.

இந்தக் கதையை நான் வாசிக்கும் போதெல்லாம் ஒரு விஷயம் மனதில் தைக்கும். மேளத்தை நிறுத்து என்ற கட்டளை தொழுகை நடக்கும் இடத்துக்கு அமைதி வேண்டும் என்பதற்காக எழுந்தது. அதைக் கெட்ட நோக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஊராருக்கும் ஊராருக்கும் இடையில் பேசித் தீர்த்திருக்க வேண்டியதை அதிகாரியின் காகிதம் தீர்க்கப் போனது. காகிதம் தீர்க்கவில்லை. கலவரத்துக்குப் பின் அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் போட்டு, அடுத்ததாக யாரைச் சந்தேகித்தது தெரியுமா? மதுவிலக்குச் சங்கங்களை. கள்ளுத் தவறணைக்கு எதிராக ஊர் ஊராய்க் கூட்டம் வைத்தவர்கள் இராசத்துரோகச் சதிகாரராகக் காணப்பட்டார்கள். எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க போன்றோர் சிறைக்குப் போனது அப்படித்தான். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் 1915 ஜூலை 7 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இராணுவச் சட்டத்தின் கொடுமையைத் தோலுரித்துப் பேசினார். சிங்கள மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். கடை இழந்த முஸ்லிம் மக்களின் நெஞ்சில் அந்தப் பேச்சு வடுவாய்க் கிடந்தது. நம்மவர் வரலாறு எழுதும்போது இந்த இரண்டாவது வசனத்தை விட்டுவிடுவது வழக்கம். சம்மாந்துறைக்குப் பக்கத்தில் இருந்து எழுதும் எனக்கு விட மனம் வரவில்லை.

அடுத்த தரிப்பு 1947. அந்த ஆண்டு நடந்த பெரு வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞரும் சேர்ந்தார்கள். ஜூன் 5 ஆம் திகதி கொழும்பில் தொழிலாளர் ஊர்வலத்தின் மேல் பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் மாண்டார். பேனா பிடித்த கை அது, துவக்குப் பிடித்த கை அல்ல. அதே மாதத்திலேயே பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. சுதந்திரம் வர இன்னும் எட்டு மாதம் இருந்தது. வெள்ளைக்காரன் போகுமுன்னரே அவன் விட்டுப் போகும் பிரம்பை நாம் எண்ணெய் பூசி எடுத்து வைத்துக்கொண்டோம் என்று சொல்லலாம். எழுதுவினைஞர் சங்கத் தலைவர் ரி.பி. இலங்கரத்ன வேலையை இழந்தார். பின்னர் அமைச்சரானார் என்பதும், 'அம்ப யஹலுவோ' என்ற சிங்கள நாவலை எழுதியவர் அவரே என்பதும் இலக்கிய நேயர்கள் அறிந்ததே.

அந்தப் பிரம்பு 1953 இல் ஹர்த்தாலின் மேல் விழுந்தது. அரிசி விலை ஏறியதற்கு எதிராக நாடு எழுந்த நாள் ஆகஸ்ட் 12. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. 1956 ஜூன் 5 இல் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கூட்டம் அடித்தது. பொலிசார் தடுக்கவில்லை. சில நாட்களில் அடி எங்கள் பக்கம் வந்தது, கல்லோயாக் குடியேற்றத்தில் தமிழர் கொல்லப்பட்டார்கள். கொழும்பில் இருந்தவர் சும்மா இருந்ததற்கு அம்பாறையில் இருந்தவர் உயிரைக் கொடுத்தார். 1958 கலவரத்தில் அவசரகாலச் சட்டம் வந்தபோது தமிழரசுக் கட்சியே தடைசெய்யப்பட்டது. சத்தியாக்கிரகக்காரருக்கு அறிவித்தலும் உதவவில்லை, அமைதியும் உதவவில்லை.

1961 ஐப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் அது எங்கள் கரைக்குச் சொந்தமான ஆண்டு. பெப்ரவரி 20 ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் பரவியது. அப்போது அம்பாறை தனி மாவட்டம் அல்ல. கல்முனை, சம்மாந்துறை, வீரமுனை எல்லாருக்கும் மட்டக்களப்புக் கச்சேரிதான் கச்சேரி. அதற்கு முந்திய ஆண்டு, 1960 ஜூலைத் தேர்தலில், கல்முனைத் தொகுதி எம்.சி. அகமது அவர்களைத் தமிழரசுக் கட்சியின் சார்பில் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. மட்டக்களப்புக் கச்சேரி வாசலில் தமிழரோடு முஸ்லிம்களும் குந்தினார்கள். துண்டை விரித்துப் படுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், சோற்றுப் பார்சலைப் பகிர்ந்து தின்றார்கள். அரசாங்கக் காரியாலயம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஏப்ரல் 14 ஆம் திகதி தமிழரசுக் கட்சி தன் சொந்தத் தபால் சேவையைத் தொடங்கி முத்திரை விற்றது. 17 ஆம் திகதி இரவு அவசரகால நிலை பிரகடனமாயிற்று. விடியுமுன் இராணுவம் யாழ்ப்பாணத்தில் இறங்கியது. தலைவர்கள் பனாகொடை முகாமுக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

அதே ஏப்ரல் மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டம் பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களுக்கு மட்டக்களப்புக் கச்சேரி வாசல் இல்லாமற் போனது உண்மை. கோரிக்கை கொண்டு போக வேண்டுமானால் அம்பாறைக்குப் போக வேண்டும். அங்கே போய்த் தமிழில் பேசிக் காரியம் முடிப்பது எவ்வளவு சிரமம் என்பதைச் சம்மாந்துறையாரும் வீரமுனையாரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒரே குரலில் சொல்வது அபூர்வம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஊர்வலம் ஒரு பக்கம் இருக்கட்டும். சங்கத்துக்கு வருவோம். நான் வாலிபனாக இருந்தபோது கல்முனைப் பக்கம் சங்கங்களுக்குக் குறைவில்லை. கவிஞர் நீலாவணன் முன்னின்று வளர்த்த கல்முனைத் தமிழ் எழுத்தாளர் சங்கம் அதற்கு நல்ல உதாரணம். பெரிய நீலாவணையிலிருந்து அவர், கல்முனைக்குடியிலிருந்து நுஃமான், மருதமுனையிலிருந்து மருதூர்க்கொத்தன் என்று ஊர் ஊராய் வந்து சேர்ந்த காலம் அது. அது எந்தத் திணைக்களத்தின் பதிவேட்டில் எத்தனையாம் இலக்கம் என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டது கவிதை எப்படி என்றுதான். ஒருவருடைய வெண்பாவில் தளை தட்டினால் மற்றவர் முகத்துக்கு நேரே சொல்வார். சொன்னவர் தமிழரா முஸ்லிமா என்பது தளை தட்டியதை மாற்றாது. சட்டம் இருக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சங்கங்கள் கட்டளைச் சட்டம் 1891 இலிருந்தே உண்டு. பள்ளிவாசல்களுக்கு 1956 ஆம் ஆண்டு வக்பு சட்டம் உண்டு, அதன்படி நம்பிக்கையாளர் சபைகள் பதிவாகின. பதிவு என்றால் பெயரை எழுதி வைப்பது. பேரேட்டில் ஒரு வரி. அதற்கு மேல் அன்று அது பாரமாக இருக்கவில்லை.

1980 இல் அந்தச் சொல்லும் கனத்தது. தன்னார்வச் சமூக சேவை நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கும் மேற்பார்வை செய்வதற்குமான 31 ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆண்டில் வந்தது. தலைப்பிலேயே இரண்டு சொல் இருப்பதைக் கவனியுங்கள். பதிவு, மேற்பார்வை. ஏழைகளுக்கும் நோயாளருக்கும் அநாதைகளுக்கும் உதவும் நிறுவனங்களே அதற்குள் வந்தன. அவற்றில் மோசடி நடந்தால் விசாரிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. அநாதைப் பிள்ளையின் பேரில் காசு சேர்த்து வீடு கட்டினவர்களை நானும் அறிவேன். ஆனால் 1998 இல் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மூன்றாவது சொல்லைக் கொண்டு வந்தது. முறைப்பாடு வந்த நிறுவனத்துக்கு அமைச்சர் இடைக்கால முகாமைச் சபை ஒன்றையே நியமிக்கலாம் என்றாயிற்று. பதிவு மேற்பார்வையாகி, மேற்பார்வை முகாமையானது. அறிவித்தல் அனுமதியான அதே ஏணி, அதே படிகள்.

இடையில் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் 1990 கடைசியில் அரசு சாரா நிறுவனங்களை விசாரிக்க ஆணைக்குழு அமைந்ததும், சர்வோதயம் போன்ற பெரிய இயக்கமே கூண்டில் ஏறி நின்றதும், 1993 இல் நிறுவனங்களின் வரவு செலவைக் கண்காணிக்க அவசரகால ஒழுங்குவிதியே வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அயல்நாடான இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976 இல் நெருக்கடி நிலைக் காலத்தில் பிறந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். நெருக்கடி போய்விடும். சட்டம் போகாது.

இனி 1990 ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆணைக்குழு அமைவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் ஊரில் நடந்ததை மேற்பார்வை செய்ய எந்தச் சட்டமும் வரவில்லை. ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் வீரமுனையிலும் அயலிலும் இருந்த தமிழர் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கிருந்து இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். திரும்பவில்லை. ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் அதே கொடுமை. 12 ஆம் திகதி எங்கள் கோயிலுக்குள் இருந்தவர்கள் மேல் விழுந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அவர்களுள். ஊர்காவற்படையினரே வந்தார்கள் என்பது உயிர் தப்பியவர்களின் வாக்குமூலம். காத்தான்குடிக்கு வந்தவர்களும் வீரமுனைக்கு வந்தவர்களும் ஆறு மணித்தியால அறிவித்தல் கொடுக்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. அந்த ஆகஸ்டில் செத்தவர்களை நினைத்து விளக்கேற்றப் போகிறவனிடம்தான் எத்தனை பேர், எந்த வீதி, ஒலிபெருக்கி உண்டா, பதாகையில் என்ன எழுத்து என்று கேட்கிறார்கள்.

ஒரு முறை என் கடிதத்தை வாசித்த அதிகாரி ஒருவர், இளம் வயது, மரியாதையானவர், "சத்தம் இருக்குமா?" என்று கேட்டார். "விளக்குக்குச் சத்தம் இல்லை ஐயா" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அந்த ஆண்டு ஊர்வலம் கோயில் வளவுக்குள்ளேயே நடந்தது.

சத்தத்தைப் பற்றி உயர் நீதிமன்றம் சொன்ன நல்ல தீர்ப்பு ஒன்றும் நமக்கு உண்டு. 1992 ஜூலை முதலாம் திகதி எதிர்க்கட்சிகள் 'ஜனகோஷ' என்ற பெயரில் நண்பகலில் கால் மணி நேரம் மணியடித்தும் மேளம் கொட்டியும் ஆட்சேபம் காட்டும்படி மக்களைக் கேட்டன. ஓரிடத்தில் மேளத்தைப் பொலிசார் பறித்துவிட்டார்கள். அமரதுங்க எதிர் சிறிமல் என்ற அந்த வழக்கில் 1993 இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ மேளம் கொட்டுவதும் பேச்சுத்தான் என்று கொண்டார். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுக்கும் அமைதியான ஒன்றுகூடலுக்கும் சங்கம் சேர்வதற்கும் சுதந்திரம் தருகிறது. வார்த்தையால் மட்டுமல்லாமல் மேளத்தாலும் அந்தச் சுதந்திரத்தைப் பாவிக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். கம்பளையில் நிறுத்தப்பட்ட மேளத்துக்கு எண்பது ஆண்டுக்குப் பின் கிடைத்த பதில் போல எனக்குப் படும். வழக்குகள் வேறு, நியாயங்கள் வேறு என்று சட்டத்தரணி நண்பர் என்னைத் திருத்துவார். திருத்தட்டும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. அம்பாறைக் கரையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர் போயிற்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் சிதைந்தன. முதல் இரண்டு நாள் சோறு கொண்டு போனது எந்த நிறுவனமும் அல்ல, உள்ளூர்ச் சங்கங்கள்தான். சம்மாந்துறைப் பள்ளிவாசல்களிலும் எங்கள் கோயிலிலும் கிடாரங்கள் இறங்கவில்லை. பிறகுதான் வெளிநாட்டுக் கொடிகள் கட்டிய வாகனங்கள் வந்தன. பெயர்ப்பலகைகள் வீட்டை விடப் பெரிதாய் எழுந்தன. அவற்றின் பேரில் மக்களுக்கு எரிச்சல் வந்தது நியாயமே. ஆனால் அந்த எரிச்சலைப் பிடித்துக்கொண்டு அரசாங்கம் நீட்டிய கை பெரிய பலகைகளைத் தொட்டதை விடச் சின்னச் சங்கங்களையே அதிகம் தொட்டது. 2010 இல் அரசு சாரா நிறுவனங்களின் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அநாதை இல்லத்துக்கும் தையல் வகுப்புக்கும் பாதுகாப்பு அமைச்சு! 2014 ஜூலை முதலாம் திகதி அங்கிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. அரசு சாரா நிறுவனங்கள் செய்தியாளர் மாநாடு நடத்துவதும், பத்திரிகையாளருக்குப் பயிற்சிப் பட்டறை வைப்பதும், செய்தி அறிக்கை விடுவதும் தங்கள் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டவை, நிறுத்துக என்றது. 2015 இல் ஆட்சி மாறியதும் செயலகம் அந்த அமைச்சை விட்டுப் போனது. 2018 இல் புதிய வரைவு ஒன்று வந்து எதிர்ப்பினால் நின்றது. பின்னரும் வரைவுகள் வந்தன.

2019 ஏப்ரல் 21 குண்டுகளுக்குப் பின் பயம் திசை மாறியது. 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் வீடொன்றில் நடந்த வெடிப்பைக் கரையோர மக்கள் எல்லாரும் காதால் கேட்டார்கள். குற்றவாளிகள் சிலர். சந்தேகம் எல்லார் மேலும் விழுந்தது. மத்ரசா, நூலகம், இளைஞர் கழகம் எல்லாவற்றின் பதிவும் கேட்கப்பட்டது. 2021 ஏப்ரலில் பதினொரு முஸ்லிம் அமைப்புகள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடையாயின.

அதற்கு முந்திய ஆண்டு, கொரோனாக் காலத்தில், இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இருபது நாள் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டபோது, மக்கள் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை. ஒரு முழத் துணி. அதையும் கழற்றி எடுத்தார்கள். அந்த நாட்களில் ஒரு மாலை சம்மாந்துறையிலிருந்து என் பழைய நண்பர் சைக்கிளில் வந்தார். என்னை விட மூத்தவர், நான் காக்கா என்றே அழைப்பேன். 1990 க்குப் பிறகு பல காலம் நாங்கள் இருவரும் சந்தையில் கண்டால் தலையாட்டிக்கொண்டு போனவர்கள். திண்ணையில் இருந்து கொஞ்ச நேரம் வயலைப் பற்றிப் பேசினார். பிறகு, "தம்பி, பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதணும். நீங்க வருசா வருசம் எழுதுற ஆள்தானே. எப்படி எழுதுற எண்டு ஒருக்கா சொல்லுங்க" என்றார்.

நான் கொப்பியை எடுத்துக் காட்டினேன். வாசித்தார். "இந்தக் கடிதம் உங்கட ஆக்களுக்கு மட்டும்தான் எண்டு நினைச்சிருந்தன். இப்ப எங்களுக்கும் தெரியணும் போல இரிக்கி" என்றார். நான் தேநீர் போடச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

2021 பெப்ரவரி 3 ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கி 7 ஆம் திகதி பொலிகண்டியில் முடிந்த நடைப்பேரணியைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. காணாமற்போனோர், காணி, கைதிகள், தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய், இவற்றோடு முஸ்லிம்களின் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையும் சேர்ந்திருந்தது. பொலிசார் பல நீதிமன்றங்களில் தடை உத்தரவு பெற்றார்கள். இந்த வகை உத்தரவுகளுக்கு 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு பெரிதும் கைகொடுப்பது. பொதுத் தொல்லை என்று நீதவானுக்கு அறிக்கை கொடுத்தால் பதினான்கு நாளுக்கு உத்தரவு வாங்கலாம். நாறும் கானுக்கும் விழப்போகும் மரத்துக்கும் ஏற்பட்ட பிரிவு அது. 2020 செப்டெம்பரில் திலீபன் நினைவுக்கும் வடகிழக்கில் நீதிமன்றத் தடைகள் வந்தன. கூடவே 1897 ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமும் அந்தக் காலத்தில் வேலைக்கு வந்தது. கொள்ளை நோய்க்குப் போட்ட சட்டம், துக்கத்துக்கும் பயன்பட்டது.

அன்று நான் காரைதீவுச் சந்தியில் நின்றேன். வயதான கால் என்பதால் நடக்கவில்லை, நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். பொத்துவில் பக்கமிருந்து வந்தவர்களில் தொப்பி போட்டவர்களும் இருந்தார்கள், பொட்டு வைத்தவர்களும் இருந்தார்கள். கல்முனைப் பக்கம் முஸ்லிம் இளைஞர்கள் வீதிக்கு வந்து தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். 1961 இல் மட்டக்களப்புக் கச்சேரி வாசலில் நடந்ததைத் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது இதுதான் முதல் தடவை. யாரும் அனுமதி வாங்கவில்லை. பெப்ரவரி 25 ஆம் திகதி வர்த்தமானி மாறி, அடக்கம் செய்ய இடம் கிடைத்தது. ஓட்டமாவடி மஜ்மா நகரில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அடங்கியிருக்கிறார்கள், பல மதத்தவரும். பேரணியால்தான் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு நெருக்குதலும் இருந்தது. ஆனால் அந்தப் பெப்ரவரியில் கரையோர வீதியில் நடந்தது நடந்ததே. அடுத்த ஆண்டுகளில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினையில் இரு சமூகமும் மறுபடி எதிரெதிரே நின்றதும் உண்மை. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

2022 இல் காலிமுகத் திடல் மறுபடி நிறைந்தது. 1956 இல் சத்தியாக்கிரகிகள் அடிபட்ட அதே கடற்கரை. மே 18 ஆம் திகதி முள்ளிவாய்க்காலை நினைத்து அங்கே கஞ்சி காய்ச்சினார்கள் என்று கேட்டபோது நம்பக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஜூலை 22 ஆம் திகதி விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களைப் பிரித்தார்கள்.

கடந்த ஆகஸ்டில் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, முப்பது ஆண்டுப் பழக்கத்தில் கை 'அனுமதி கோரல்' என்று தலைப்பிட்டுவிட்டது. கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். 'ஊர்வலம் பற்றிய அறிவித்தல்' என்று எழுதினேன். பொலிஸ் கட்டளைச் சட்டம், 77 ஆம் பிரிவு என்று இலக்கமும் போட்டேன். 'தாழ்மையுடன்' என்பதை எடுத்தேன், 'மரியாதையுடன்' என்று வைத்தேன். சங்கத் தலைவர் வாசித்துவிட்டு, "ஏன் அண்ணன் வீண் வம்பு?" என்று தயங்கினார். பிறகு கையொப்பமிட்டார். ஆறு மணித்தியாலம் அல்ல, மூன்று நாளைக்கு முன்னரே கொண்டு போய்க் கொடுத்தேன். பொறுப்பில் இருந்தவர் மேலிருந்து கீழாக வாசித்தார், இலக்கத்தில் சற்று நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, கடிதத்தின் பிரதியில் குத்தித் தந்தார்.

வாசலுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். 'அனுமதிக்கப்பட்டது' என்றிருந்தது.